பட்டுப்புடவையோடு ஒரு பள்ளிச் சேர்க்கை

1

போன வாரம் திருச்சியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிட்டு, "ஜெனி அங்க ஸ்கூல்ல சேர்ந்து ஒரு வருஷம் ஆகுதுல்ல? எப்படித்தான் சேர்த்தேன்னு எழுதிப் போடேன், நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றாள். பிரயோஜனம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் நன்றாக அசடு வழிந்த கதை, அதனால் படிக்கிறவர்களுக்குப் பொழுதாவது போகும். எழுதிவிடுகிறேன்.

என் கணவர் அமல் இலங்கையில் கண்டிக்காரர். சின்ன வயதில் படிப்பதற்காகத் திருச்சிக்கு வந்தவர். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, என்னைக் கட்டிக்கொண்டு, பாதித் திருச்சிக்காரராகவே ஆகிவிட்டார். பிறகு அச்சகத்தை மூடிவிட்டார்கள். கண்டியில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன், "இங்க வந்துரு, கடையப் பாத்துக்க ஆள் வேணும்" என்று கூப்பிட்டார். ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு நாங்கள் மூன்று பேரும் கிளம்பி வந்தோம். எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது ஒன்பது வயது. கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு மாடிவீட்டை வாடகைக்குப் பிடித்தோம்.

வருகிறபோது எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் கவலை இருந்தது. தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, குளிர் தாங்குமா, சிங்களம் தெரியாமல் கடை கண்ணிக்குப் போக முடியுமா என்று ராத்தூக்கம் கெட்டது. பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவே இல்லை. அதுதான் கடைசியில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

2

திருச்சியில் நாங்கள் இருந்த பக்கம், கவர்மெண்ட் ஸ்கூல் என்றால் வேறு வழியில்லாதவர்கள் போகிற இடம் என்று ஒரு நினைப்பு உண்டு. தப்பான நினைப்புத்தான். ஆனால் எனக்கும் அது இருந்தது. ஜெனியை எல்.கே.ஜி. சேர்க்கும்போது அமலையும் என்னையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். குழந்தையிடம் ஒரு வாழைப்பழத்தின் படத்தைக் காட்டி இது என்ன என்றார்கள். அவள் "பசிக்குது" என்றாள். அந்த ஒரு பதிலுக்காக நான் ஒரு வாரம் தூங்கவில்லை.

இங்கே வந்து பார்த்தால் கதை வேறாக இருந்தது. அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைக்கத்தான் எல்லோரும் முட்டி மோதுகிறார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளையும் அங்கேதான், அவருக்குக் கார் ஓட்டுகிறவர் பிள்ளையும் அங்கேதான். படிப்பு இலவசம், புத்தகம் இலவசம். அமலின் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது நான், "நல்ல பிரைவேட் ஸ்கூல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவைத்தேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "ஏன், பிள்ளைக்கு என்ன கொறை?" என்று கேட்டார்.

சரி, அரசாங்கப் பள்ளி என்று முடிவானது. கண்டி டவுனில் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளிக்குப் போனோம். அதிபர், அதாவது தலைமையாசிரியை, யாழ்ப்பாணத்து அம்மா. ஐம்பதைத் தாண்டியவர், கறாரான முகம். "ஆண்டு நாலில இடமில்லை பிள்ளை. வகுப்பில ஒரு கதிரை போட இடமில்லை" என்றார். வலயக் கல்வி அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் எடுத்து வந்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார். அலுவலகத்துக்குப் போனோம். இந்தியாவில் பிறந்த பிள்ளை, குடியுரிமைப் பதிவு இன்னும் முடியவில்லை, அதெல்லாம் ஒரு பிரச்சினையில்லை, கடிதம் தரலாம். ஆனால் முதலில் இடம் இருக்கிறது என்று பள்ளி சொல்ல வேண்டும் என்றார்கள். சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு பக்கமும் நியாயம்தான். நடுவில் நாங்கள் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தோம்.

அந்த அலுவலகத்தில்தான் என் முதல் அசடு. நான் திருச்சியிலிருந்து ஒரு ஃபைல் கொண்டுவந்திருந்தேன். பள்ளிச் சேர்க்கை என்றால் எதை மேலே வைக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். லேமினேட் செய்த சாதிச் சான்றிதழை முதல் தாளாக வைத்திருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த தமிழ்ப்பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

"கம்யூனிட்டி சர்டிபிகேட்."

"அப்படின்னா?"

நான் விளக்க வாயைத் திறந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இரண்டு மூன்று முறை "அதாவது" என்றேன். அவள் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "சமயம் மட்டும் சொல்லுங்க. சமயப் பாடம் கட்டாயம், அதுக்கு டீச்சர் இருக்கணும்ல" என்று சொல்லி அந்தத் தாளை என்னிடமே நீட்டினாள். "கத்தோலிக்கம்" என்றேன். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தோளிலிருந்து ஏதோ இறங்கினாற்போலவும் இருந்தது. பஸ்ஸில் வரும்போது அந்தத் தாளை எடுத்து ஃபைலின் கடைசியில் சொருகிவிட்டேன்.

3

ஜனவரி போனது, பிப்ரவரி போனது. இங்கே ஜனவரியில் பள்ளி ஆண்டு தொடங்கிவிடும். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் வெள்ளைச் சீருடையில் பஸ் ஏறிப் போவதை ஜெனி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் வீட்டில் வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். எனக்குப் பொறுமை கிடையாது என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பின்னம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்து, நான்தான் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போவேன். அவள் பேசாமல் மறுபடியும் போட்டுப் பார்ப்பாள்.

வேறு இரண்டு பள்ளிகளிலும் கேட்டோம். ஒன்றில் இடமில்லை, இன்னொன்று ஒரு பிள்ளை தனியாக வந்துபோக முடியாத தூரம். ஏப்ரலில் அக்கா பேசினாள். அவள் வீட்டுப் பக்கத்திலிருக்கும் பள்ளியில் சொல்லி ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறாளாம். "ஜூன்ல ஸ்கூல் திறந்துருவாங்க. மே முடியறதுக்குள்ள முடிவு சொல்லு. பிள்ளை என்கிட்ட இருக்கட்டும், நான் பார்த்துக்க மாட்டேனா?" என்றாள்.

நல்ல மனசோடு சொன்னாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. வேறு யார் மேலும் கோபப்பட முடியாததால் வந்த கோபம் அது. அமலும் நானும் அதைப் பற்றிப் பேசினோம், திரும்பத் திரும்பப் பேசினோம். ஒரு வருடப் படிப்பு வீணானால் பிள்ளையின் கதி என்ன என்று அவர் கேட்டார். ஒன்பது வயதுப் பிள்ளையைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு நான் இங்கே எதற்காகச் சோறு பொங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். கடைசியில், மே முடிவதற்குள் இங்கே இடம் கிடைக்காவிட்டால் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஜெனியிடம் நான்தான் சொன்னேன். "ஒருவேளை இங்க கிடைக்கலன்னா, பெரியம்மா வீட்ல இருந்து படிக்கிறியாம்மா? லீவுக்கு லீவு வந்துரலாம்" என்றேன். அவள் "சரிம்மா" என்றாள். எவ்வளவு சமர்த்து என்று நினைத்துக்கொண்டேன்.

4

மே மாதம் நடுவில் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று நான் மட்டும் அந்த அதிபரிடம் போனேன். கெஞ்சக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போய், போனவுடன் கெஞ்சினேன். இல்லையென்றால் பிள்ளையை அக்காவிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார்.

"சனிக்கிழமை காலமை எட்டு மணிக்கு வாங்கோ. மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. பாப்பம்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இண்டர்வியூ.

வீட்டுக்கு வந்து அமலிடம் சொன்னேன். "இங்க இண்டர்வியூ எல்லாம் வைக்க மாட்டாங்களே" என்று அவர் இழுத்தார். "நீங்க இங்க படிச்சது எந்தக் காலம்? சும்மா இருங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். சனிக்கிழமை பாதிநாள் கடை உண்டு, மத்தியானம் நேரே பள்ளிக்கு வருகிறேன் என்றார். நான் ஜெனியை உட்காரவைத்துப் பாடாய்ப் படுத்தினேன். இலங்கையின் தலைநகரம் எது, உன் லட்சியம் என்ன, ஏன் இந்தப் பள்ளியில் சேர விரும்புகிறாய் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்தோம். லட்சியம் டாக்டர். அவளுக்கு ஊசியைக் கண்டால் ஓட்டமெடுக்கிற பழக்கம், ஆனாலும் டாக்டர்.

சனிக்கிழமை காலையில் நான் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழ நிறப் பட்டைக் கட்டினேன். ஜெனிக்கு ஈஸ்டருக்குத் தைத்த ஃபிராக், இரட்டைச் சடை, ரிப்பன். கையில் ஃபைல். த்ரீவீல் பிடித்துக்கொண்டு போய் இறங்கினோம்.

கேட் திறந்து கிடந்தது. உள்ளே ஒரே கூட்டம். ஆண்கள் மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரம் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தும்புத்தடி என்கிற நீளத் துடைப்பமும் வாளியுமாக வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். யாரோ விருந்தினர் வரப்போகிறார், அதற்குச் சுத்தம் செய்கிறார்கள் என்று நினைத்தேன். எங்களைப் பார்த்ததும் ஓர் அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு கதிரையைத் துடைத்து மர நிழலில் போட்டார்.

"இருங்க மேடம். அதிபர் பின்னுக்கு நிக்கிறாங்க, வருவாங்க."

ஆஹா, என்ன மரியாதை என்று நான் உட்கார்ந்தேன். ஜெனி பக்கத்தில் நின்றாள். ஒரு பெண் இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். சுற்றி அத்தனை பேரும் வியர்க்க விறுவிறுக்க வேலை செய்ய, நான் நடுவில் பட்டுப்புடவையோடு கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த யாரோ என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"அம்மா, லட்சியத்தை முதல்ல சொல்லணுமா, கேட்டப்புறம் சொல்லணுமா?" என்று ஜெனி காதருகே கேட்டாள்.

"கேட்டப்புறம்."

அதிபர் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். ரப்பர் செருப்பு, பழைய பாவாடை, மேலே ஓர் ஆண்சட்டை, முழங்கை வரை சேறு. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை, கலியாண வீட்டுக்குப் போற வழியிலயோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கதிரை போட்ட அப்பாவும் சிரித்தார். "இல்ல மேடம், இண்டர்வியூன்னு..." என்றேன். "என்ன இண்டர்வியூ? இண்டைக்குச் சிரமதானம்" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று மறுபடியும் பின்பக்கம் போய்விட்டார். சிரமதானம் என்றால் பெற்றோர் எல்லோரும் வந்து பள்ளியைச் சுத்தம் செய்து கொடுக்கிற நாளாம்.

எனக்குக் காது வரை சூடேறியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடக்கத்தான் பார்த்தேன். அப்போது பிளேன்டீ கொடுத்த பெண் குறுக்கே வந்தாள். சுமதி என்று பேர், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

"எங்க போறீங்க அக்கா?"

"எங்க ஊர்ல இடம் வேணும்னா டொனேஷன் கேப்பாங்க. இங்க கூலிக்கு ஆள் எடுக்கிறாங்களா?" என்று பொரிந்து தள்ளினேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. "இது எல்லாத்துக்கும்தாங்க. எம்மக இங்க சேந்து மூணு வருசம் ஆச்சு, நான் இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். நம்ம புள்ளைங்க இருக்கிற எடம், நாம கூட்டாம வேற யாரு கூட்டுவா?" என்றாள். பிறகு என் புடவையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல பட்டு. இதோட வாளியத் தொடாதீங்க" என்று சொல்லி, தன் பையிலிருந்து ஒரு பழைய கவுனை எடுத்துத் தந்தாள். வீட்டுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ள வைத்திருந்தது அது.

வகுப்பறைக்குள் போய்ப் பட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அந்தக் கவுனைப் போட்டேன். எனக்குச் சின்னது, பரவாயில்லை. வந்து ஒரு தும்புத்தடியை எடுத்தேன். எனக்கு ஆங்கிலம் சுமார்தான், சிங்களம் சுத்தமாகத் தெரியாது. ஆனால் தரை கழுவச் சொன்னால் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. என் கோபத்தையெல்லாம் அந்தச் சீமெந்துத் தரை மேல் காட்டினேன். பத்து நிமிடத்தில் பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அரைமணி நேரம் கழித்துத்தான் ஜெனியைக் காணோம் என்று திடுக்கிட்டேன். கட்டடத்துக்குப் பின்னால் இருந்தாள். அங்கே ஒரு பழைய சாமான் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். உடைந்த மேசைகளும் கதிரைகளும் வெளியே குவிந்து கிடந்தன. அப்பாமார்கள் ஆணி அடிக்க, பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்தார்கள். ஜெனியின் ரிப்பன் ஒன்று எங்கோ போய்விட்டது. ஈஸ்டர் ஃபிராக் முழுக்க மரத்தூள். சுமதியின் மகளோடு ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அம்மா, ஃபிராக்" என்றாள். "இருக்கட்டும், தேய்" என்றேன்.

5

மத்தியானம் எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்து பாண் என்கிற ரொட்டியும் பருப்பும் காரமான கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். கடையிலிருந்து வந்துசேர்ந்த அமல், சின்னக் கவுனில் என்னைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனார். புத்திசாலி.

அதிபர் கை கழுவிவிட்டு எங்களிடம் வந்தார்.

"இடமில்லை எண்டு நான் சொன்னது பொய்யில்லை பிள்ளை. அந்த அறை இண்டைக்குத்தான் காலியானது. ஆண்டு நாலை இரண்டாப் பிரிச்சு ஒரு பாதியை அங்க போடப் போறன். முன்னமே சொல்லியிருந்தா ரோட்டு வரைக்கும் ஆக்கள் நிண்டிருப்பினம். அதுதான் உங்களை வாங்கோ எண்டு மட்டும் சொன்னனான்."

நான் பருப்புக் கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையோட கூட்டிக்கொண்டு வாங்கோ. வலயத்தில நான் கதைக்கிறன்."

ஜெனியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. லட்சியம் அப்படியே மிஞ்சிப்போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். "ஒறைக்குதா அக்கா, சம்பல்?" என்று சுமதி கேட்டாள். "ஆமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சீருடை தேடி அலைந்தோம். டவுனில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்ததால் பக்கத்து ஊரான அக்குறணைக்குப் போய் ஒரு கடையில் வெள்ளைச் சட்டையும் சப்பாத்தும் வாங்கினோம். அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டு அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். "அப்பாடா" என்றாள் அவள். என்னைவிட அவளுக்குத்தான் பெரிய நிம்மதி போலிருந்தது. அவள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

திங்கட்கிழமை கேட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஜெனி திரும்பிப் பார்க்கவில்லை. சுமதியின் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, சாமான் அறையாக இருந்த அந்த வகுப்புக்குள் போய்விட்டாள்.

6

ஒரு வருடத்தில் அவள் ரொம்பத்தான் மாறிவிட்டாள். நோட்டு என்றால் புரியாத மாதிரி பார்த்துவிட்டு, கொப்பியா என்று கேட்கிறாள். பஸ்ஸில் நடத்துனரிடம் சிங்களத்தில் மிச்சக்காசு கேட்டு வாங்குகிறாள், பக்கத்தில் நான் ஊமை மாதிரி நிற்கிறேன். திருச்சித் தோழிகளின் பெயர்கள் பேச்சில் குறைந்துகொண்டே வருகின்றன. அது எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அது அல்ல.

பள்ளியில் சேர்ந்து மூன்றாவது வாரமோ என்னவோ, ஒரு காலையில் வழக்கம்போல் ரவை உப்புமா கிளறி வைத்தேன். ஜெனி தட்டைப் பார்த்தாள். பிறகு தட்டைத் தள்ளினாள். தட்டு மேசையிலிருந்து விழுந்து உப்புமா தரையெல்லாம் சிதறியது.

"எனக்கு இது வேணாம். தினம் தினம் இதேதான். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது" என்று வீடே அதிரக் கத்தினாள்.

கையை ஓங்கிவிட்டேன். "ஏண்டி, மாசக்கணக்கா இதைத்தானே தின்னுட்டு இருக்கே? ஒரு நாளாவது வாயைத் திறந்தியா?"

"எனக்கு எப்பவுமே பிடிக்காது."

"அப்ப ஏன் சொல்லல?"

சப்பாத்தின் நாடாவைக் கட்டுவது மாதிரி குனிந்துகொண்டாள்.

"சொல்லு. ஏன் சொல்லல?"

"சொன்னா பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிருவீங்கல்ல."

என் கை தானாக இறங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியம்மா வீட்டுப் பேச்சு வந்ததிலிருந்து இந்தப் பிள்ளை ஒரு பண்டம் வேண்டும் என்று கேட்டதில்லை, அடம் பிடித்ததில்லை, நான் கத்தியபோது திருப்பிக் கத்தியதில்லை. தானாக வளர்ந்துவிட்டாள் என்று நான் போகிற இடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பாவி நான், என் பிள்ளை மாதக்கணக்கில் பயந்துகொண்டு உப்புமா தின்றிருக்கிறாள்.

"இப்ப மட்டும் சொல்றே?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"இப்ப எனக்கு இங்க ஸ்கூல் இருக்கே. எப்படி அனுப்புவீங்க?"

பையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எல்லாம் உன்னால்தான் என்று என்னைத் திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனாள். நான் தரையில் உட்கார்ந்து உப்புமாவை வழித்தெடுத்தேன். அழுதேன், சிரிக்கவும் செய்தேன்.

மறுநாள் காலை எதிர்க்கடையில் பாண் வாங்கி வைத்தேன். ஓரம் கருகியிருக்கிறதாம். அதற்கும் ஒரு கத்தல். உள்ளே முகச்சவரம் செய்துகொண்டிருந்த அமல், "காலங்காத்தால என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"ஜெனிதான், சண்டை போடுறா" என்றேன். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.